ஆற்றுப்படையும் தொழில்வாழ்வும்: திண்டுக்கல் வட்டார எழுத்தாளர் தொடர்புகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

புலமையுடையார் தாமே உயர்வர் என்பது மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. ஆயினும் புலமை தானே எழுந்து சென்று எவர் வாயிலையும் தட்டுவதில்லை. ஒருவன் கற்றதை மற்றொருவன் அறிதல் வேண்டும். அறிந்தவன் அதனை இடமறிந்து எடுத்துரைத்தல் வேண்டும். கேட்டவன் வாயிலைத் திறத்தல் வேண்டும். இம்மூன்றும் நிகழ்ந்த பின்னரே கல்வி தொழிலாகிறது, தொழில் வாழ்வாகிறது. தம்முடைய துறையிலுள்ளாரோடு கொள்ளும் தொடர்பால் ஒருவர் தொழிலில் மேம்படுதலை இக்காலத்தார் புதிய கலை போலப் பேசுகின்றனர். தமிழிலோ அதற்கென ஓர் இலக்கிய வகையே பண்டு தோன்றியிருந்தது. அதுவே ஆற்றுப்படை.

ஆற்றுப்படையின் இயல்பு இன்னதென்று முதற்கண் தெளிந்து, அதனை அளவுகோலாகக் கொண்டு, திண்டுக்கல் வட்டாரத்து வத்தலக்குண்டினின்றும் புறப்பட்ட மூன்று எழுத்தாளரின் தொழில்வாழ்வை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பி. ஆர். இராசமையர், பி. எஸ். இராமையா, சி. சு. செல்லப்பா என்போர் அம்மூவர். ஓர் எழுத்தாளர் பெற்ற தொடர்பின் பயன், அவர் அடைந்த இடத்தால் மட்டும் அளக்கத்தக்கதன்று. அவர் பிறர்க்குக் காட்டிய வழியாலேயே அளக்கத்தக்கது என்பது ஈண்டு நிறுவப்பெறும் கருத்து.

ஆற்றுப்படை என்னும் முறை

ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். வள்ளலைக் கண்டு வளம் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்கு அவ்வள்ளல் இருக்குமிடத்தையும், செல்லும் வழியையும், வழியிடையுள்ள ஊர்களையும், அங்குக் கிடைக்கும் உணவையும், வள்ளலின் இயல்பையும் கூறி ஆற்றுப்படுத்துவதே இவ்வகை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் நால்வகைக் கலைஞர்க்கும் இஃது உரியதெனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளமை இதன் செல்வாக்கைக் காட்டும்.

இம்முறையில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. வழிகாட்டுவோன் தானும் அவ்வழியே சென்று பயன் பெற்றவன். செவிவழிச் செய்தியைக் கூறுபவனல்லன். இஃது ஒன்று. வழிகாட்டியதற்கு அவன் கைம்மாறு எதனையும் வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. மூன்றாவதும் இன்றியமையாததுமான கூறு, ஆற்றுப்படுத்தப்பட்டவன் வள்ளலின் அவையிலே தன் கலையைத் தானே நிகழ்த்திக் காட்டுதல் வேண்டும் என்பதாகும். வழி காட்டப்படலாம்; யாழை மீட்ட வேண்டியவன் சென்றவனே. ஆற்றுப்படைக்கும் வெறும் பரிந்துரைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. பரிந்துரை திறமைக்கு மாற்றாக நிற்க முயல்வது. ஆற்றுப்படையோ திறமையை அவைக்கண் கொண்டுசேர்ப்பதோடு அமைவது.

பொதினி மலையடியில்

இவ்விலக்கிய வகைக்கும் திண்டுக்கல் வட்டாரத்துக்கும் பழந்தொடர்பு உண்டு. திருமுருகாற்றுப்படை கூறும் திருவாவினன்குடி இன்றைய பழனியே. பழனி மலை பண்டு பொதினி எனப்பட்டது. அஃது ஆவியர் குடித் தலைவனாகிய வையாவிக் கோப்பெரும்பேகனுக்கு உரியது. மயிலுக்குப் போர்வை அளித்தவன் என எழுவர் வள்ளலருள் ஒருவனாக வைத்துச் சிறுபாணாற்றுப்படை இவனைப் போற்றும். இவனைப் பரணர் பாடிய புறநானூற்று 141-ஆம் பாட்டின் துறை பாணாற்றுப்படை. புலவராற்றுப்படையும் ஆம் என்பது பழங்குறிப்பு. இன்று திண்டுக்கல் மாவட்டத்துள் அடங்கும் நிலத்துத் தலைவனிடம் செல்லும் வழியைக் காட்டும் பாட்டொன்று ஈராயிரம் ஆண்டளவு பழமையான தொகைநூலில் இடம்பெற்றுள்ளது என்க.

பேகன் வரலாற்றில் இன்னுமோர் அரிய செய்தி உண்டு. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்திபால் இருந்த காலத்துக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் நால்வரும் அவளை மீண்டும் சேருமாறு அவனை வேண்டிப் பாடினர். புறநானூறு 143 முதல் 147 வரையுள்ள பாட்டுக்கள் இவை. தாம் பசித்து வந்திலர் என்றும், தாம் வேண்டும் பரிசில் அவன் தேரேறிச் சென்று அவள் துயர் களைதலே என்றும் பரணர் கூறும் முறை கருதத்தக்கது. புலவர் தமக்குக் கிடைத்த அணுக்கத்தைத் தம் பொருட்டன்றிப் பிறர் பொருட்டுச் செலவிட்டனர். தலைவனை அணுகும் உரிமை ஒரு செல்வமாயின், அதனைச் செலவிடும் நெறியும் அப்போதே வகுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

மடத்தினின்றும் கல்லூரிக்கு

வள்ளலர் காலம் கழிந்து, மடங்களும் சமீன்களும் புலவரைப் புரந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசுக் கல்லூரியும் அச்சுக்கூடமும் புதிய வாயில்களாயின. பழைய வாயிலினின்றும் புதிய வாயிலுக்குப் புலவர் சென்ற வகையைக் காட்ட உ. வே. சாமிநாதையரின் வாழ்வே தக்க சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்த பின்னர்த் திருவாவடுதுறையில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்த அவரை, அம்மகாவித்துவானிடமே முன்னர்ப் பயின்ற தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பதவிக்கு 1880-இல் கொண்டுசென்றார். ஆயினும் கல்லூரி ஆசிரியர் முன்னிலையில் ஐயரின் புலமை ஆராயப்பட்ட பின்னரே பணி உறுதியாயிற்று. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில், தேசிகரின் குறிப்பால், புதிதாக வந்த முன்சீபு சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் காணச் சென்றார். அச்சந்திப்பே சீவக சிந்தாமணியின்பால் அவரைச் செலுத்தியது; 1887-இல் அந்நூல் அச்சில் வெளிவந்தது.

உடன்பயின்றவர் பதவியைத் தந்தார். முன்பின் அறியாதவரோ வாழ்நாட் பணியைத் தந்தார். இவ்விருவகைத் தொடர்பின் வேறுபாட்டைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

வத்தலக்குண்டு: இராசமையர்

கொடைக்கானல் மலையின் அடிவாரத்துச் சமவெளியில் அமைந்த ஊர் வத்தலக்குண்டு. 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் தோன்றும் வரை மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. திருச்சிராப்பள்ளியினின்றும் திண்டுக்கல் வழியே மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1875-இல் திறக்கப்பெற்றபோது, இவ்வட்டாரத்து இளைஞர் சென்னையை அடைதல் எளிதாயிற்று. ஆனால் இருப்புப்பாதை ஊரைத்தான் சேர்ப்பிக்கும். அவ்வூரில் எவர் கதவைத் தட்டுவது என்பதை அது சொல்லாது.

1872-இல் இவ்வூரிற் பிறந்த இராசமையர் மதுரையிற் பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். அக்காலத்து அக்கல்லூரி தமிழின் புதிய எழுத்தாளர்க்கு ஒரு நாற்றங்காலாக விளங்கியது. அதே 1872-இல் பிறந்த அ. மாதவையா அங்குக் கற்றார். பரிதிமாற் கலைஞர் எனப் பின்னர் அறியப்பட்ட வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் அங்குக் கற்று அங்கேயே தமிழாசிரியரும் ஆனார். 1892-இல் தோன்றிய சி. வி. சுவாமிநாதையரின் ‘விவேக சிந்தாமணி’ இதழில் மாதவையாவின் ‘சாவித்திரி சரித்திரம்’ வெளிவரத் தொடங்கி இடையில் நின்றது. இராசமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை அதே இதழில் வெளிவந்து நிறைவெய்தி, 1896-இல் நூலாயிற்று. ஒரு கல்லூரி, ஓர் இதழ் என்னும் இரண்டு நிலைக்களன்களும் தமிழ் நாவலின் தொடக்கத்துக்கு எத்துணை உதவின என்பது இதனாற் புலனாகும்.

இராசமையரின் தொழில்வாழ்வு அதன்பின் வேறொரு தொடர்பால் திசைமாறியது. விவேகானந்தரின் சென்னை அன்பர்கள் 1896 சூலையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரதம்’ என்னும் ஆங்கில இதழுக்கு இருபத்து நான்கு வயதினராகிய அவர் ஆசிரியராக அமர்ந்தார். தமிழில் ஒரு நாவலை மட்டும் எழுதியிருந்த இளைஞரிடம் ஓர் ஆங்கில வேதாந்த இதழை ஒப்படைத்தல் பெருநம்பிக்கையின் செயல். அந்நம்பிக்கை வீண்போகவில்லை. ஆயினும் 1898-இல் அவர் மறைந்தார். ஆசிரியரை இழந்த இதழ் அவ்வாண்டே வடக்கே அல்மோராவுக்குச் சென்றது. அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் 1905-இல் தொகுக்கப்பெற்றன. தாம் பெற்ற வழியைப் பிறர்க்குக் காட்டக் காலம் அவருக்கு இடந்தரவில்லை. தொடர்பின் பயன் அவரிடத்தே நின்றுவிட்டது. அஃது அவர் குற்றமன்று.

இராமையா: வாயிலைத் திறந்தவர்

1905-இல் வத்தலக்குண்டிற் பிறந்த இராமையாவுக்கு இராசமையருக்கு வாய்த்த கல்லூரி வாய்க்கவில்லை. வறுமையிடையே பள்ளிப் படிப்போடு நின்றவர் அவர். இராசமையருக்குக் கல்லூரி செய்ததை இவருக்கு விடுதலை இயக்கம் செய்தது. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அக்காலத்துத் தொண்டர் பாசறையும் சிறையும் பல எழுத்தாளரை ஒருங்குகூட்டிய இடங்கள். பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே வரிசையில் நின்ற இடங்கள். கல்லூரிச் சான்றிதழ் இல்லாதவர்க்கு அங்கு அறிமுகம் கிடைத்தது.

ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டியில் இவருடைய ‘மலரும் மணமும்’ பரிசு பெற்றது. 1933-இல் கே. சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் ‘மணிக்கொடி’ வார இதழைத் தொடங்கினர். அதற்கு விளம்பரம் சேகரிக்கும் பணியில் இராமையா சேர்ந்தார். 1934-இல் சொக்கலிங்கம் ‘தினமணி’க்குச் சென்றார், வ. ரா. இலங்கை ‘வீரகேசரி’க்குச் சென்றார். மூத்தோர் நீங்கியபோது இதழ் நின்றுவிடும் நிலையை எய்தியது. 1935-இல் இராமையா அதனைச் சிறுகதைக்கே உரிய இதழாக மாற்றித் தாமே ஆசிரியரானார். விளம்பரம் தேடி ஊர் ஊராக அலைந்தவர் ஆசிரியர் இருக்கையை அடைந்தது தொழில்வாழ்வில் ஓர் ஏற்றமே. ஆயினும் அவர் பெருமை அவ்வேற்றத்தில் அடங்கவில்லை.

புதுமைப்பித்தன், ந. பிச்சமூர்த்தி, கு. ப. இராசகோபாலன், சிதம்பர சுப்பிரமணியன், செல்லப்பா முதலியோர் கதைகளுக்கு மணிக்கொடி களமாயிற்று. இவர்களுள் பலர் ஏற்கனவே எழுதிக்கொண்டிருந்தவர். மௌனியின் செய்தியோ வேறு. கும்பகோணத்தில் வாழ்ந்த அவரை எழுதத் தூண்டியவரும், ‘மௌனி’ என்னும் புனைபெயரைச் சூட்டியவரும் இராமையாவே. 1936 முதல் அவர் கதைகள் மணிக்கொடியில் வெளிவந்தன. தமிழ்ச் சிறுகதையிற் பெரிதும் பேசப்படும் பெயர்களுள் ஒன்று, பேச்சினிடையே ஒருவரின் உள்ளத்தை உணர்ந்துகொண்ட ஓர் ஆசிரியரின் கூர்மையால் நமக்குக் கிடைத்தது. சந்தித்தாரை எல்லாம் எவர்க்கும் மறவாமல் இருத்தல் எளிது. சந்தித்தவருள் எவர் எழுதக்கூடியவர் என அறிதல் அரிது. தொழில் தொடர்பின் உயிர் இவ்வறிதலிலேயே உள்ளது.

இத்தொடர்புகள் செல்வத்தைத் தந்தனவா எனின், தரவில்லை என்பதே விடை. 1938-இன் தொடக்கத்தில் இராமையா மணிக்கொடியை விட்டு நீங்கினார். கு. ப. இராசகோபாலன் 1944-இலும், புதுமைப்பித்தன் 1948-இலும் வறுமையும் நோயும் சூழ மறைந்தனர். இராமையா திரைப்படத்துறைக்கும் நாடகத்துக்கும் சென்றார். எஸ். வி. சகசுரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழுவிற்காக அவர் எழுதிய ‘தேரோட்டி மகன்’, ‘போலீஸ்காரன் மகள்’ முதலிய நாடகங்கள் புகழ்பெற்றன. எழுத்துலகத் தொடர்பு பெயரைத் தந்தது. மேடைத் தொடர்பு ஊதியத்தைத் தந்தது. தம் தோழரை அவர் மறந்தாரல்லர். முதுமையில் எழுதிய ‘மணிக்கொடி காலம்’ என்னும் நூலில் அவ்வட்டத்தின் வரலாற்றைப் பதிவுசெய்தார். 1982-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு அந்நூலுக்கு வழங்கப்பட்டது. தாம் சென்ற வழியைப் பின்வருவோர்க்கு விரித்துரைத்த அந்நூல், உரைநடையில் அமைந்த ஓர் ஆற்றுப்படை எனினும் பொருந்தும்.

செல்லப்பா: வழியை அகலமாக்கியவர்

1912-இற் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்த செல்லப்பா, சங்கு சுப்பிரமணியம் நடத்திய ‘சுதந்திரச் சங்கு’ வாயிலாக எழுத்துலகிற் புகுந்தார். தம்மூரினராகிய இராமையாவின் மணிக்கொடியில் வெளிவந்த ‘ஸரஸாவின் பொம்மை’ அவருக்குப் பெயரைத் தேடித்தந்தது. ஓரூரார் என்னும் உறவு இங்கு உதவியிருக்கலாம். ஆயினும் அக்கதை இன்றும் கற்கப்படுவது ஊர்ப்பெயரால் அன்று.

1959 சனவரியில் செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் 1970 வரை நடைபெற்றது. இதழ் சிறிது, அதன் வீச்சு பெரிது. பிச்சமூர்த்தி, க. நா. சுப்பிரமண்யம் போன்ற மூத்தோரும், சி. மணி, எஸ். வைத்தீசுவரன் போன்ற இளையோரும் ஒரே ஏட்டில் எழுதினர். இலங்கைத் திருகோணமலையினின்றும் தருமு சிவராமு எழுதினார். குடந்தையை அடுத்த உடையாளூரிற் பிறந்து, வத்தலக்குண்டுக்கு அண்டை ஊராகிய நிலக்கோட்டையில் வளர்ந்து, வடநாட்டில் பணியாற்றிய வெங்கட் சாமிநாதனின் திறனாய்வுகளும் அதில் வெளிவந்தன. ஆசிரியரை நேரிற் காணாதவரும் கடிதத்தாலும் படைப்பாலும் அவ்வட்டத்தில் இடம்பெற இயன்றது. 1962-இல் செல்லப்பா தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 24 கவிஞரின் 63 கவிதைகளை உடையது. இருபத்து நான்கு பேரை ஒரு நூலிற் சேர்த்துப் புதுக்கவிதைக்கு ஓர் அவையை அமைத்துக்கொடுத்தார் அவர்.

தமிழ்த்துறையினர் சிறப்பாக எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. செல்லப்பா தாம் வெளியிட்ட நூல்களைக் கட்டாகக் கட்டிச் சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். பரிசில் வேண்டிய பாணர் அரசவைக்கு நடந்தனர். இவரோ தமக்கன்றித் தம்மாற் பதிப்பிக்கப்பெற்றோர்க்காகவும் கல்லூரி வாயில்களுக்கு நடந்தார். பொருளளவில் அவர் வாழ்வு உயர்ந்ததெனல் இயலாது. அவருடைய ‘சுதந்திர தாகம்’ அவர் தம் முதுமையில், 1997-இல், தாமே வெளியிட்டது. சாகித்திய அகாதெமிப் பரிசு அதற்கு 2001-இல், அவர் மறைந்து மூன்றாண்டு கழிந்த பின்னர், வந்தது. தமக்கு வாயில் திறந்தவரையும் அவர் மறவாது, ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என ஒரு தனிநூலே எழுதினார். நன்றி, புகழ்மாலையாக அன்றி ஆராய்ச்சியாக வெளிப்பட்டமை போற்றத்தக்கது.

அணுக்கமும் சேய்மையும்

அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், நெருங்கிய பிணைப்பினும் நெகிழ்ந்த பிணைப்பே புதிய செய்தியையும் வாய்ப்பையும் கொணர்வதில் வலிமையுடையது எனக் காட்டினார். நியூட்டன் நகரில் தொழிலறிவும் மேலாண்மையும் சார்ந்த பணிகளில் அமர்ந்த 282 பேரை ஆராய்ந்து அவர் 1974-இல் எழுதிய நூலின்படி, 56 விழுக்காட்டினர் அறிமுகமானவர் வழியே பணி பெற்றனர். அவ்வாறு பெற்றோருள்ளும், அடிக்கடி சந்திப்பவரால் பெற்றவர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே. எஞ்சியோர் எப்போதேனும் அல்லது மிக அரிதாகச் சந்திப்பவரால் பெற்றனர். நம்மை அடுத்திருப்போர் நாம் அறிந்ததையே அறிவர். சேய்மையில் இருப்போர் நாம் அறியாததையும் அறிவர் என்பது இதன் காரணம்.

இக்கொள்கை நாம் கண்ட வரலாற்றோடு பெரும்பாலும் இயைகிறது. சாமிநாதையருக்கு இராமசாமி முதலியார், மௌனிக்கு இராமையா, சிவராமுவுக்குச் செல்லப்பா என வந்தவை நெகிழ்ந்த பிணைப்புக்களே. எதிரே வரும் பாணனும் வழியில் ஒருகாற் கண்ட அயலானே. ஆற்றுப்படை நூல்கள் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தன. ஆயினும் கிரானோவெட்டர் வாய்ப்பைப் பெற்றவரை எண்ணினார். பெற்றவர் பின்னர் என் செய்தார் என்பது அவர் வினா அன்று. தமிழ் மரபு எழுப்பும் வினா அதுவே.

வழிகாட்டி வாராதோர்

இம்மூவரின் வரலாற்றைப் போற்றுமிடத்து ஓர் உண்மையை மறைத்தல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. மூவரும் பார்ப்பனக் குடியிற் பிறந்தோர். எழுத்தறிவு நிறைந்த வீடும், நகரங்களில் வாழ்ந்த சுற்றமும் அக்குடியினர்க்கு அக்காலத்துப் பொதுவாக வாய்த்தவை. அதே சமவெளியில் திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலாளர், பூட்டுத் தொழிலாளர், புகையிலைத் தோட்டத்து உழவர், சின்னாளப்பட்டி நெசவாளர் ஆகியோரின் மக்களும் வாழ்ந்தனர். அவர்க்கு எதிரே எந்தப் பாணனும் பொருள் பெற்று மீண்டு வரவில்லை. பெண்டிர் நிலையும் அத்தகையதே. கு. ப. சேது அம்மாள் போன்ற மிகச் சிலரே அக்காலத்து எழுத்துலகிற் புகுந்தனர், அவரும் கு. ப. இராசகோபாலனின் உடன்பிறந்தவர். பேகன் மனைவி கண்ணகி தானே பாடிய பாட்டுப் புறநானூற்றில் இல்லை. அவள் பொருட்டுப் புலவர் நால்வர் பேசினர். பேசுவார் இல்லாதார் எத்துணையர் என்பதற்கு இலக்கிய வரலாற்றிற் கணக்கில்லை.

இக்குறையை நிறைக்கவல்லவை பொதுநிறுவனங்கள். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, அதன் தேர்வுகள் உறவினரை அறியாதார்க்கும் ஒரு வாயிலாயின. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1984-இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் தோன்றின. 1947-இல் தொடங்கிய காந்திகிராம நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. தேர்வும் பட்டமும் பொது வாயிலைத் திறந்தன. எனினும் வாயிலைக் கடந்த பின்னும் எந்த இதழுக்குக் கட்டுரை விடுப்பது, எந்தக் கருத்தரங்கிற் பேசுவது, எந்தப் பணியிடம் எப்போது விளம்பரமாகும் என்பவை பாடத்திட்டத்தில் எழுதப்படுவதில்லை. அவற்றை ஒருவர் மற்றொருவர்க்கு வாய்மொழியாகவே கூறுகின்றார். குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெறும் மாணவர்க்கு அவ்வாய்மொழி கிட்டாதொழியின், திறந்த வாயிலும் அவர்க்கு அடைத்த வாயிலே.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தொழில் மேம்பாட்டுக்குத் தொடர்பு இன்றியமையாதது. அது திறமைக்கு மாற்றன்று. உறவும் ஊரும் முதல் அடியை எடுத்துவைக்க உதவும். நெடுவழியை அயலார் நட்பே காட்டும். தொடர்பு செல்வத்தைத் தருதல் உறுதியன்று. இடத்தையும் துணையையும் தருதல் பெரும்பான்மை. இவை அனைத்தினும் மேலாக, பெற்ற வழியைப் பிறர்க்குக் காட்டாதவரிடத்துத் தொடர்பு வெறும் தன்னலமாய் முடிகிறது. காட்டுபவரிடத்து அது மரபாகிறது. இராசமையரின் வழி இளமைச் சாவால் இடையற்றது. இராமையாவின் வழி செல்லப்பாவைச் சேர்ந்தது. செல்லப்பாவின் வழி கடல் கடந்து திருகோணமலை வரை நீண்டது.

ஆராய்ச்சி மாணவர்க்குத் துணைநிற்பவரை இன்று நாம் நெறியாளர் என வழங்குகிறோம். ஆறு என்பது போலவே நெறி என்பதும் வழியே. அப்பெயரைத் தாங்குவோர், தம்மை நாடி வரும் மாணவரின் ஆய்வேட்டைத் திருத்துவதோடு அமையாது, வேடசந்தூரினின்றோ நத்தத்தினின்றோ எவரையும் அறியாது வந்து நிற்கும் மாணவர்க்கு அடுத்த ஊர் யாது, அங்குக் காணத்தக்கவர் யாவர் என்பதையும் கூறுதல் வேண்டும். சென்று யாழை மீட்டுதல் மாணவர் கடன். வழியைக் கூறுதல், அவ்வழியே முன்பு நடந்து பயன்பெற்ற நம் கடனாகும்.